கடல் தாண்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வெளிநாட்டு அனுபவம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். துபாயில் கட்டடம் எவ்வளவு உயரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்களே போனில் பார்த்துவிடுகிறீர்கள். நான் 1994 முதல் 2016 வரை வளைகுடாவில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். சம்பளப் பட்டியலும் விசாத் தாள்களும் என் மேஜை வழியாகத்தான் போகும். அங்கே உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒரே ஒரு விஷயம். வெளிநாட்டில் ஒருவன் பத்திரமாக இருக்கிறான் என்றால், அதில் பாதிக்கு மேல் அவன் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் செய்துவைத்த வேலை. அந்த வேலையில் இன்று அலட்சியமாக இருப்பவர்கள் பட்டம் வாங்கிய நம்மைப் போன்றவர்கள்தான் என்பது என் கருத்து. கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் அரசின் அனுமதி வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்ப்பார். 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். பத்தாவது தேறிவிட்டால் இந்த அனுமதி தேவையில்லை. 'படித்தவன், தன்னைத் தானே பார்த்துக்கொள்வான்' என்று அரசு நம் பொறுப்பில் விட்டுவிடுகிறது. அதாவது, கொத்தனாருடைய தாளைப் பார்க்க ஒருவர் இருக்கிறார். பி.காம். படித்தவனுடைய தாளை அவனே பார்த்தால்தான் உண்டு. பார்க்கிறோமா?

2022-ஆம் ஆண்டு என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தாய்லாந்தில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை, நல்ல சம்பளம் என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் வந்தது. வலை விரித்ததே கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். பாங்காக் போய் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கொண்டுபோனார்கள். முள்வேலிக்குள் உட்காரவைத்து, ஊர் பேர் தெரியாதவர்களைப் போனில் ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்கு அடி, உதை. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் நம் பிள்ளைகளைப் போல் கல்லூரி வாசலைத் தாண்டியவர்கள்.

ஆகவே தம்பி தங்கைகளே, கையில் வேலைக் கடிதம் வந்ததும் ஸ்வீட் வாங்கப் போகுமுன் சில கேள்விகள் கேளுங்கள். இந்த ஏஜெண்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா? இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. 'நான் அவருக்குச் சப்-ஏஜெண்ட்' என்று ஒருவர் வந்தால், அப்படி ஒரு பதவியே சட்டத்தில் கிடையாது என்று தெரிந்துகொள்ளுங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்த கேள்வி, என்ன விசா? 'இப்போ விசிட் விசாவில் வா தம்பி, அங்கே போனதும் மாத்திக்கலாம்' என்பார்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்தால், அந்த நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளி நீங்கள்தான். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால்கூட, 'நீ எப்படி இங்கே வேலை பார்த்தாய்?' என்ற கேள்விதான் முதலில் வரும். உங்களை வாய் திறக்க முடியாமல் வைத்திருக்க அவர்களுக்கு அந்த ஒரு விசா போதும்.

இரண்டு வருடத்துக்கு முன் நம் கல்லூரித் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கடிதத்தைக் காட்டினார். கம்பெனி முத்திரை, கையெழுத்து, சம்பளம் எல்லாம் பளபளவென்று இருந்தது. "சார், வீடியோவில் இன்டர்வியூகூட வச்சாங்க" என்றார். அந்த நகரத்தில் இருக்கும் என் வகுப்புத் தோழனுக்குப் போன் செய்தேன். அவன் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, அந்த முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்தான். "மாப்ளே, இங்கே ஒரு சலவைக் கடைதான் இருக்கு. கடைக்காரர் பத்து வருஷமா இங்கேதான் இருக்காராம்" என்றான். அத்தோடு அந்த வேலை முடிந்தது. தம்பி இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறார்.

இனி பயணத்துக்கு வருவோம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அதைக் கிளம்புகிற வாரத்தில் பார்க்காதீர்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். எனவே டிக்கெட் தேதியைப் பார்த்து முன்கூட்டியே போங்கள்.

பெட்டி விஷயம் இன்னும் முக்கியம். நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கும் கசகசா இருக்கிறதே, அது ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். அம்மா பாசத்தோடு மசாலாப் பொட்டலம் கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இருமலுக்கும் வலிக்கும் இங்கே சாதாரணமாக வாங்கும் மருந்துகளில் கோடீன், டிரமடால் கலந்தவை உண்டு. அவற்றை முன் அனுமதி இல்லாமல் அமீரகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை என்றால், மருத்துவர் சீட்டோடு போங்கள். அந்த நாட்டு விதியை முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தவர் கொடுக்கும் பார்சலை வாங்கவே வாங்காதீர்கள். தெரிந்த மாமா கொடுத்தாலும் சரி, பிரித்துப் பார்க்காமல் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மனசு கஷ்டப்படுவாரே என்று பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் சட்டம் சொல்லும் தண்டனை தூக்கு. பொருள் உங்கள் பையில் இருந்தால், உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய சுமை உங்களுடையது. 15 கிராம் என்பது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அளவுதான்.

போய்ச் சேர்ந்த பிறகு? கம்பெனி அலுவலகத்தில் ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாகப் பாஸ்போர்ட்டுகள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதிவுக்காக இரண்டு நாள் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவது வேறு. வருடக்கணக்கில் பூட்டிவைப்பது வேறு. கத்தாரில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளி எழுத்து மூலம் கேட்டாலொழிய பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ள முடியாது. மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தங்கும் இடத்தில் முதல் நாள் இரவு படுக்குமுன் படிக்கட்டு எங்கே, இரண்டாவது வழி எங்கே, கதவு திறக்கிறதா என்று நடந்து பாருங்கள். 2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்தது. குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. தூக்கத்தில் இருப்பவனுக்கு வழி தேட நேரம் கிடைக்காது.

ஒருவேளை போலீஸ் பிடித்துவிட்டால் பதறாதீர்கள். புரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'என் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு தரும் உரிமை அது. 2019-ல் சர்வதேச நீதிமன்றம் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் இந்தப் பிரிவை வைத்துத்தான்.

இவ்வளவும் போகிறவர்களுக்கு. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு சாதாரண ஃபைல் போடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றுக்கும் நகல், கம்பெனி முகவரி, உடன் தங்கும் ஒருவருடைய எண், ரத்த வகை, அவ்வளவுதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். போனில் பேசும்போது பக்கத்தில் யாராவது நின்று மிரட்டலாம். அதற்காக வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். 'பெரியப்பாவுக்குக் கால் வலி எப்படி இருக்கு?' என்று கேட்டால் ஆபத்து என்று பொருள், அப்படி ஏதாவது. பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம், மாநில அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்று மூன்று கதவுகளையும் ஒரே நாளில் தட்டலாம். ஃபைல் கையில் இருக்கும் குடும்பம் ஒரு மணி நேரத்தில் மனு எழுதிவிடும். இல்லாத குடும்பம், பிள்ளை எந்தக் கம்பெனிக்குப் போனான் என்று தேடுவதிலேயே ஒரு வாரத்தைத் தொலைக்கும். அந்த ஒரு வாரத்தில் என்னென்னவோ நடந்துவிடலாம்.

கடைசியாக என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சலவைக் கடையைப் போய்ப் பார்த்த தோழனுக்கு ஆன செலவு ஒரு டாக்ஸிக் கட்டணம். நம்மவர்கள் எத்தனை நாடுகளில் இருக்கிறோம்! நாடு வாரியாக, 'நான் விசாரித்துச் சொல்கிறேன்' என்று ஒப்புக்கொள்பவர்களின் பட்டியல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைப்போம். வேலைக் கடிதம் வந்த எந்த மாணவரும் அங்கே வந்து கேட்கட்டும். கட்டடத்துக்கு நிதி கொடுக்கிறோம், பரிசுக்கு நிதி கொடுக்கிறோம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமையையும் கொடுப்போம். வெளியே மேஜையில் நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள்.

தம்பி தங்கைகளே, தாராளமாகப் போங்கள், உலகத்தைப் பாருங்கள், நன்றாகச் சம்பாதியுங்கள். கேட்டுவிட்டுப் போங்கள்.