வேலை போனவனுக்கு வழி... வழக்கே!

நடுவர் அவர்களே! 'விட்டுக்கொடு, விட்டுக்கொடு' என்று பேசிவிட்டு மைக்கை மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்ற எதிரணி நண்பர் அவர்களே! (சிரிப்பு)

"வேலையை விட்டு நிறுத்திட்டாங்களா? முதலாளியைப் பாரு, தன்மையாப் பேசு, கோர்ட்டுக்கு மட்டும் போயிடாதே" என்றார் நண்பர். ஐயா, எங்கப்பா அதைத்தான் செய்தார். 1984-ஆம் வருஷம். கோவையில் ஒரு நூற்பாலை. பதினோரு வருஷம் உழைத்த இடம். ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனால் வாட்ச்மேன் மறிக்கிறார். "ஏனுங்கண்ணா, உங்களை உள்ளே விட வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. திங்கக்கிழமை வாங்க."

திங்கட்கிழமை போனார். அடுத்த திங்கட்கிழமையும் போனார். நாலு மாசம் போனார். மானேஜர் ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு தன்மையான மனுஷன்! (சிரிப்பு) கடைசியில் தொழிலாளர் அலுவலர்கிட்டே மனுப் போட்டபோது ஆலையிலிருந்து பதில் வந்தது: 'இவரை நாங்கள் நீக்கவே இல்லை. இவராகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்.' நாலு மாசம் குடித்த டீக்கு ஏதய்யா ரசீது? (கைதட்டல்)

தாய்மார்களே, உங்கள் வீட்டுக்காரரையோ பிள்ளையையோ இப்படி வாசலில் நிறுத்தினால், அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். 'இன்ன தேதி, இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், இன்னார் தடுத்தார், நான் வேலை செய்யத் தயார்.' நாலு வரி போதும். எங்கப்பா காலத்தில் ரிஜிஸ்தர் தபால். அதை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். எந்தத் தபாலாக இருந்தால் என்ன, நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது 240 நாள் கணக்கு. பன்னிரண்டு மாசத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு என்று அனுப்ப வேண்டுமானால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தரவேண்டும். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடும் தரவேண்டும். சரி, 240 நாள் பார்த்தேன் என்று யார் நிரூபிப்பது? தொழிலாளிதான் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எங்கம்மாவுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஆனால் அப்பா கொண்டுவந்த ஒவ்வொரு சம்பளச் சீட்டையும், போனஸ் சீட்டையும், ஈ.எஸ்.ஐ. அட்டையையும் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, பாதி கேஸை நீங்களே நடத்திட்டீங்க" என்றார். (பலத்த கைதட்டல்)

மீதிப் பாதியில் ஒரு சங்கடம். வழக்கு நடக்கும்போது அப்பா ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். மூணு பிள்ளைகள், என்ன செய்வார்? குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். "ஆமாங்க, போறேன்" என்றார். உறவுக்காரர்கள் எல்லாம் திட்டினார்கள். நான் சொல்கிறேன், மறைத்திருந்தால் மொத்தமும் போயிருக்கும். பிழைப்புக்கு என்ன செய்தீர்கள் என்பதை முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றும் கிடைக்காமல் சும்மா இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள். எழுதினால்தான் பழைய சம்பளம் கேட்க வழி.

சமாதானமே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. சமரச அலுவலர் முன்னால் உட்கார்ந்து, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடுங்கள். 'கணக்கு முழுதும் தீர்ந்தது' என்ற காகிதத்தில் கேட்டுக்கு வெளியே நின்று போடாதீர்கள். 1947-ஆம் வருஷத்துச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் முதல் வாசல் அவர்தான். ஆனால் பிரச்சினை எழுந்து இரண்டு வருஷம் தாண்டினால் அவர் எடுக்க மாட்டார். பேச்சு முறிந்தால், அவர் அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். காசில்லையே என்கிறீர்களா? 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணி ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. கோர்ட் வளாகத்திலேயே விசாரியுங்கள்.

ஆனால் இந்த வாசல் எல்லோருக்கும் இல்லை. மேடையில் இவ்வளவு பேசுகிற எனக்கே இல்லை! ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. (சிரிப்பு) மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவருக்கும் இல்லை. நமக்கு எந்த வாசல் என்று தெரிந்துகொண்டு தட்ட வேண்டும்.

1990-ல் தீர்ப்பு வந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது. இழுத்தடித்தது ஆறு வருஷம், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆறு வருஷத்தில் அக்காவின் படிப்பு நின்றது. அதை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரவில்லை. அப்பா தீர்ப்பு நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கேட்டில் அதே வாட்ச்மேன். தலை நரைத்திருந்தது. காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளே வாங்கண்ணா" என்று கதவைத் திறந்தார். அன்றைக்கும் திங்கட்கிழமைதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். (நீண்ட கைதட்டல்)