போர்ஷே கதவில் ‘கரகர’: ஸ்பீக்கர் மாற்றுவதற்கு முன்னால்

இந்த வாரக் கேள்வி துபாயிலிருந்து வந்திருக்கு. நம்ம நேயர் ஒருவர் பழைய போர்ஷே 911 வாங்கியிருக்கார். 997 மாடல், போஸ் சிஸ்டம் உள்ள கார். பேஸ் வரும்போதெல்லாம் டிரைவர் பக்கக் கதவில் ‘கரகர’ன்னு சத்தம். ஒரு கார் ஆடியோ கடையில் காட்டியிருக்கார். “எல்லா ஸ்பீக்கரையும் தூக்கிடலாம், புது ஆம்ப், சப்வூஃபர் போட்டுடலாம், கதவுல மட்டும் கொஞ்சம் வெட்டணும்” என்று சொல்லிட்டாங்களாம். “ப்ரோ, ஓகே சொல்லலாமா?” இதுதான் கேள்வி.

வெட்டுறதுக்கு மட்டும் ஓகே சொல்லாதீங்க. ஸ்பீக்கரை எப்ப வேணும்னாலும் மாத்தலாம். வெட்டின கதவைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த மாதிரி காரை நாளைக்கு விற்கப்போனா, வாங்குறவர் முதல்ல தேடுறதே ‘எதுவும் கை வைக்காத’ காரைத்தான்.

அப்போ என்ன செய்யலாம்? முதல்ல எது கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிங்க. பேலன்ஸ், ஃபேடர் ரெண்டையும் வச்சு ஒவ்வொரு மூலையா தனியா கேளுங்க. சத்தம் வரும்போது கதவின் உள்பக்க பேனலைக் கையால் அழுத்திப் பாருங்க. நின்னுட்டா பிரச்சினை ஸ்பீக்கர் இல்லை, ஒரு தளர்ந்த கிளிப். நிற்கலைன்னா, கூம்பைச் சுற்றியிருக்கிற ஃபோம் வளையம் பொடிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். வளைகுடா வெயிலில் வருஷக்கணக்கா நின்ன காருக்கு அது சகஜம். அந்த வளையத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கிறவங்க இருக்காங்க. கூம்பும் காயிலும் நல்லா இருந்தா, என் முதல் ஓட்டு அதுக்குத்தான்.

சரி, புது ஸ்பீக்கர்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்க. பிராண்டைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஓம் பாருங்க. ஃபேக்டரி பிரீமியம் சிஸ்டங்களில் 2 ஓம், சில சமயம் அதுக்கும் கீழே உள்ள ஸ்பீக்கர்கள் இருக்கும். கடையில் கிடைக்கிறது பெரும்பாலும் 4 ஓம். ஒரே ஆம்ப், அதே வோல்டேஜ்: 2 ஓமில் 50 வாட் போனா, 4 ஓமில் 25 வாட்தான் போகும். காசு கொடுத்துச் சத்தத்தைக் குறைச்ச கதையாயிடும். தலைகீழாவும் ஆபத்துதான்: 4 ஓமுக்குச் செய்த ஆம்ப்பில் 2 ஓம் மாட்டினா அது சூடாகிக் கருகலாம். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்க. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் 3.5 காட்டும், பயப்படாதீங்க.

அடுத்து சென்சிட்டிவிட்டி. 3 டெசிபல் கூட இருந்தா, அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். ஆனா பெட்டியில் ‘1 வாட்’னு போட்டிருக்கா, ‘2.83 வோல்ட்’னு போட்டிருக்கானு பாருங்க. 4 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட். அந்த எண்ணில் 3 டெசிபல் சும்மா ஏறியிருக்கும்.

பிறகு ஆழம். கண்ணாடியை முழுக்க இறக்கி வச்சுட்டு அளக்கணும். ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடிச்சா கதை முடிஞ்சது. அடாப்டர் வளையம் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். கதவுக்குள்ள மழைத் தண்ணி இறங்கும், எம்டிஎஃப் பலகை ஊறிடும்.

ஆம்ப்பை மாத்தலாமான்னு கேட்டா, 997 போஸில் அது லேசான வேலை இல்லை. ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டு போறது செம்புக் கம்பியில் இல்லை, மோஸ்ட் என்கிற ஃபைபர் வளையத்தில், ஒளியா. நடுவில் ஒரு கருவியைப் பிடுங்கினா வளையமே அறுந்து எல்லாமே ஊமையாகலாம். அதுக்கென்றே உள்ள இன்டர்ஃபேஸ் வேணும். அதைப் பற்றிப் பேசாம விலை மட்டும் சொல்ற கடையை விட்டு வெளியே வந்துடுங்க.

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. இந்தக் காரின் கதவில் ஏர்பேக் இருக்கு. பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகுதான் பேனலில் கை வைக்கணும். ஏர்பேக் வேலை தெரிஞ்சவர் செய்யட்டும்.

கடைசியா, கடையின் ஏசி ரூமில் டெமோ கேட்டு மயங்கிடாதீங்க. 911-ல் எஞ்சின் பின்னாடி உறுமும், அகலமான டயர் கீழே இரையும். 100-ல் போகும்போது மெல்லிய நுணுக்கமெல்லாம் காணாம போயிடும். அதனால என் வரிசை இதுதான்: முதல்ல ரிப்பேர், அப்புறம் ஓம் பொருந்துற ஸ்பீக்கர், கூடவே கதவுக்கு டாம்பிங் ஷீட். ஆறு மாசம் ஓட்டுங்க. அதுக்கப்புறமும் மனசு நிறையலைன்னா ஆம்ப் பற்றி யோசிக்கலாம்.

உங்க காரிலும் இந்த மாதிரி சிக்கல் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.