தொண்டைப் புற்றுநோயும் தடுப்பூசி உரிமையும்

(மட்டாஞ்சேரியில் தொழிலாளர் குடும்பங்களுக்கான நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ முறை இருந்தது. வேலைக்கான வில்லைகளை ஒப்பந்தக்காரரின் ஆள் கூட்டத்தின் நடுவே வீசியெறிவான். முட்டிமோதிப் பிடித்தவனுக்கே அன்றைய கூலி. அதை எதிர்த்த மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. இன்று மருத்துவமும் சாப்பாவைப் போல, எட்டிப் பிடிக்க வல்லவனுக்கே கிடைக்கும் பொருளாகி வருகிறது. தொண்டைப் புற்றுநோய் இதற்கோர் எடுத்துக்காட்டு.

இந்தியாவில் இந்நோயின் முதற்காரணம் புகையிலையே. அத்துடன் மது சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது. ஆனால், இவை எதையும் தொடாதவருக்கும் டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்று வருவதுண்டு. அதற்கு முக்கியக் காரணம் ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், குறிப்பாக அதன் 16ஆம் வகை. கருப்பைவாய்ப் புற்றுத் திசுவில் இவ்வகையை 1983இல் கண்டறிந்த ஜெர்மன் அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹாசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்காவில் இன்று இப்பகுதியில் தோன்றும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இவ்வைரஸே காரணம்.

வாய்வழி உறவு உட்பட, உடலுறவின் வழியே இது தொற்றுகிறது. பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் தொற்றி, ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றுவிடுகிறது. சிலரது உடலில் மட்டும் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றாகிறது. எனவே இது ஒழுக்கத்தின் அளவுகோல் அன்று. வெட்கப்பட வேண்டிய நோயும் அன்று.

தொற்றைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. தொண்டையில் வைரஸ் தங்குவதையும் அது பெரிதும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் மக்களிடம் ஓர் ஐயம் இருக்கிறது. அதற்கு வரலாறும் இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ‘பாத்’ என்னும் அமெரிக்க அமைப்பின் திட்டத்தில் ஏறத்தாழ 14,000 சிறுமியருக்கு இது செலுத்தப்பட்டது. ஆதிவாசிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்திட்டனர். பிருந்தா காரத் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினர். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. நிகழ்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றது விசாரணை. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

அதே வேளையில் இந்தியாவில் நடந்த வேறோர் ஆய்விலும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. அதனால் ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே தவணையோடு நின்றனர். பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவர்களின் பாதுகாப்பு குறையவில்லை. ஒரு தவணையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் முடிவுசெய்ய இதுவும் ஒரு சான்றாயிற்று. ஏழைச் சிறுமியரின் உடலிலிருந்து உலகம் பெற்ற அறிவு இது. அதன் பயன் ஏழைச் சிறுமியருக்கு மறுக்கப்படலாகாது.

ஆகவே கோரிக்கை தெளிவானது. பொதுத்துறை மருத்துவத்தின் வழியே தடுப்பூசி இலவசமாகக் கிடைக்க வேண்டும். சிறுமியரோடு சிறுவருக்கும் அது விரிவடைய வேண்டும். தாய்மொழியில் விளக்கம், பெற்றோரின் உண்மையான ஒப்புதல், ஊசிக்குப் பிந்தைய கண்காணிப்பு ஆகிய மூன்றும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

கழுத்தில் வலியற்ற கட்டி, விழுங்குவதில் சிரமம், ஒரு பக்கத் தொண்டைவலி ஆகியவற்றில் எதுவும் மூன்று வாரத்தைக் கடந்தால் அரசு மருத்துவமனையை நாடுங்கள். களமசேரியில் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் உள்ளது. வைரஸால் வரும் தொண்டைப் புற்று சிகிச்சைக்கு நன்கு இணங்கக்கூடியது. தாமதமே அதன் துணைவன்.