கருவிப் பெட்டி: தச்சின் முதற்பாடம்
(லிங்கி வட்டாரத் தோட்ட இளைஞர்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



25, 30 ஆண்டுகள் நமக்குச் சோறு போட்ட ரப்பர் மரம், பால் வற்றியதும் அடுப்பில் முடிந்த காலம் உண்டு. வெட்டியவுடன் வண்டும் பூஞ்சையும் பற்றிக்கொள்வதே காரணம். போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்திச் சூளையில் உலர்த்தக் கற்றபின், 1980களிலிருந்து அதே மரம் மேசை நாற்காலியாகி அயல்நாடுகளுக்குச் செல்கிறது.

தச்சு பயில விரும்புவோர், பதப்படுத்திய அப்பலகையில் முதலில் ஒரு கருவிப் பெட்டி செய்யுங்கள். அளத்தல், அறுத்தல், இழைத்தல், இணைத்தல் நான்கையும் அது கற்பிக்கும். ஆணி அடிக்குமுன் துளையிடுங்கள். இன்றேல் பலகை பிளக்கும். பசை காயுமுன் எதிரெதிர் மூலைகளைக் குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டளவும் ஒன்றானால் பெட்டி நேர். மாறினால், அளவு நீண்ட மூலைகளை நெருக்கிச் சரிசெய்யலாம். காய்ந்தபின் திருத்த இயலாது.

1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தோர் பலர். கற்ற தொழிலை எவராலும் பறிக்க இயலாது. முதற்பெட்டி கோணலானாலும் எறிந்துவிடாதீர்கள். அதிலே உளியையும் இழைப்புளியையும் வையுங்கள். அடுத்த பெட்டி நேராகும்.