கை வீக்கமும் சிகிச்சையும்

மார்புப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்கையில் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்ற நேர்வதுண்டு. அதன்பின் நிணநீர் வடிய வழியின்றிக் கையில் தேங்கலாம். ஆண்டுகள் கழிந்தும் வீக்கம் தோன்றுவதுண்டு. வளையல் இறுகுவதே பலருக்கு முதல் அறிகுறி. தமிழகம் விட்டு வந்த நம் இல்லங்களிலோ, மொழிக்கு அஞ்சி, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாமென்று தள்ளிப்போடுகிறோம். வீக்கத்தை இந்தியில் 'சூஜன்' என்பர். அந்த ஒரு சொல் போதும். தாமதித்தால் திசுக்கள் தடித்துவிடும்.

நீர் போக்கும் மாத்திரை இதற்குப் பயன்படாது. பயிற்சி பெற்றவர் பல அடுக்காகக் கட்டுக் கட்டி, வீக்கம் வற்றியபின் அளவெடுத்த அழுத்த உறை அணிவிப்பதே முறை. குடம் தூக்கவே கூடாதென்ற பழைய தடையை, 2009-இல் அமெரிக்காவில் 141 பெண்களைக் கொண்டு வெளிவந்த ஆய்வு தளர்த்திற்று. உறையணிந்து, படிப்படியாக எடை தூக்கிப் பழகியோருக்கு வீக்கம் மிகவில்லை. கை சிவந்து காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவரை நாடவேண்டும்.