கலைவாணரின் கிந்தனார்



நாஞ்சில் நாட்டின் நடிகர்களுள் இன்று ஒருவரைப் பற்றி மட்டும் உங்களோடு பேச எண்ணுகிறேன். அவர், நாகர்கோவிலைச் சேர்ந்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் பிறந்த என். எஸ். கிருஷ்ணன். தந்தையார் சுடலையாண்டி பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். நம் நாட்டுத் தெய்வங்களின் பெயர்கள் இருவருக்கும்! வறுமையினால் அவருடைய கல்வி தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டது. நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்ற அச்சிறுவன், வில்லுப்பாட்டும் நாடகமுமாக வளர்ந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் சேர்ந்து நடிகனானான்.

பின்னர்த் திரைப்படம் அழைத்தது. 1936-இல் வெளிவந்த 'சதிலீலாவதி'யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். கிருஷ்ணனோ தமக்குரிய நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துக்கொண்டார். நாளடைவில் அதுவே அவர் வழக்கமாயிற்று. மனைவியார் டி. ஏ. மதுரத்தோடும் தம் குழுவினரோடும் நகைச்சுவைக் காட்சிகளைத் தனியே உருவாக்குவார். அவை பிறருடைய படங்களில் இணைக்கப்பெறும். அவரைச் சார்லி சாப்ளினோடு ஒப்பிடுவோர் உண்டு. எனக்கு அவ்வொப்பீடு முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. சாப்ளின் தம் புகழ்பெற்ற படங்கள் பலவற்றில் வாய் திறவாமலே சிரிக்க வைத்தார். நம்மவருக்குப் பேச்சும் பாட்டுமே கருவிகள்.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1944-இல் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலையுண்ட வழக்கில் கிருஷ்ணனும் எம். கே. தியாகராஜ பாகவதரும் சிறைப்பட்டனர். ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்து, 1947-இல் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். இடையிலே மதுரம் அம்மையார் சோர்ந்து அமரவில்லை. நாடகக் குழுவைக் காத்தார். எஸ். வி. சகஸ்ரநாமம் துணை நின்றார். அக்குழுவின் 'பைத்தியக்காரன்' நாடகம் 1947-இல் படமாயிற்று. சிறைமீண்ட கிருஷ்ணனுக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனுக்கோ சிறந்த படைப்பு இனிமேல்தான் வரவிருந்தது.

1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' என்னும் படம், அமெரிக்கப் படமொன்றைத் தழுவி அண்ணாதுரை எழுதியது. அதிலே 'கிந்தனார்' என்றொரு காலட்சேபம் வருகிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார். கிந்தனோ கல்வியை நாடி ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன். ஊர்ப் பள்ளியில் ஆசிரியரிடம் அடிபடுகிறான். நகரத்திற்குச் சென்று கற்றுத் தேர்கிறான். பின்னர்ப் பள்ளி ஆய்வாளனாக அதே ஊருக்குத் திரும்புகிறான்! உடுமலை நாராயண கவியின் பாடல்களோடு கிருஷ்ணனே பாகவதராய் நின்று கதையை நடத்துகிறார்.

ஆய்வாளர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடம் எவ்வாறு நடுங்கும் என்பது, நெடுங்காலம் தலைமையாசிரியனாக இருந்த எனக்குத் தெரியும். அந்த நடுக்கத்தை எண்ணி நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். சிரித்து முடிப்பதற்குள் ஒரு கேள்வி நெஞ்சில் தைக்கிறது: நம் வகுப்பறையின் கடைசி வரிசையிலே எத்தனைக் கிந்தன்கள் அடிபட்டு வெளியேறினார்கள்? இக்கேள்வியை எழுப்பியவர் தாமே பள்ளிப் படிப்பை இழந்தவர் என்பதை மறவாதீர்கள். காலட்சேபம் என்னும் பழைய வடிவத்தைக் கேலி செய்து ஒதுக்காமல், அதற்குள்ளேயே புதுப்பொருளை வைத்தார். நந்தனாரை அவர் இகழவில்லை. ஆசிரியரையும் கொடியவராக்கி விடவில்லை. சாதியின் கொடுமையைச் சாடியவர், மனிதரைப் புண்படுத்தவில்லை. இது எளிய செயலன்று. எழுதிப் பார்த்தால் தெரியும்.

பின்னர் 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். ஈட்டிய செல்வத்தையெல்லாம் வாரி வழங்கிவிட்டு, 1957 ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், 48 வயதிலேயே மறைந்தார். சென்னைத் தொலைக்காட்சி 1975-இல்தான் தொடங்கிற்று. அதை அவர் காணவில்லை. ஆயினும் அவருடைய பழைய படங்கள் இல்லங்களுக்குள் சென்றது அதன் வழியாகவே. சென்னையில் கலைவாணர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் நாகர்கோவிலிலோ, காந்தியடிகளுக்கு அவர் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது.