ஆமை புகுந்த கரை

(கடலாமைக் குஞ்சுகளுக்குத் தொண்டு செய்யக் குழுவாகத் தென்கரைக்குப் புறப்படும் மட்டக்களப்பு இளைஞரை வழியனுப்பும் கூட்டத்தில், சட்டத்தரணியும் கட்சி அமைப்பாளருமான நமது நண்பர் ஆற்றிய உரை)



"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்பது நம்மவர் பழமொழி. அமீனா என்பவன் நீதிமன்றக் கட்டளையோடு வந்து கடன்பட்டவன் வீட்டுச் சட்டிபானையைத் தூக்கிச் செல்பவன். நம் நாட்டில் அவனைப் பிஸ்கால் என்போம். தொழிலின் நிமித்தம் பிஸ்காலைப் பல வீடுகளுக்கு அனுப்பியவன் நான். இன்று ஆமையையும் உங்கள் கரைக்கு அழைத்துவர எழுந்து நிற்கிறேன். ஆகவே என்னை ஐயத்தோடு பார்ப்பீர்களாயின் அது நியாயமே.

உங்களிற் சிலருடைய மனத்திலுள்ள கேள்வியும் எனக்குத் தெரியும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைக்காகப் பண்ணையாளர்கள் வீதியோரத்தில் அமர்ந்திருந்ததைக் கண்டோம்; படித்த பிள்ளைகள் வேலையின்றி வெளிநாட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பதைக் காண்கிறோம்; பெரும்போக நெல்லுக்கு விலை கிடையாது தவிக்கிறோம். இத்தனை மனிதத் துயர் இருக்க, அரசியல் தொண்டனுக்கு ஆமையோடு என்ன வேலை? இந்தக் கேள்விக்கு மறுமொழி கூறாமல் உங்களை வழியனுப்புவது நேர்மையாகாது. முதலில் ஒரு வழக்கைக் கூறுகிறேன்.

தோற்றவனிடம் கற்ற பாடம்

நான் கறுப்புச் சட்டை அணிந்த தொடக்க ஆண்டுகளில், இம்மாகாணத்து நீதவான் நீதிமன்றம் ஒன்றில் வயோதிபக் கடற்றொழிலாளி ஒருவருக்காகத் தோன்றினேன். ஆமை முட்டைகளைப் பையில் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. சட்டத்தில் ஐயம் ஏதுமில்லை. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டு பிறந்தது. 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் நம் கடலுக்கு வரும் ஐந்து இனத்து ஆமைகளும் அதன் காவலுக்குள் வந்தன. கொல்வதும், பிடிப்பதும், முட்டையைக் கையில் வைத்திருப்பதும் குற்றங்களே. முதியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான் இரக்கம் கேட்டேன். நீதவானும் இரங்கினார். ஆயினும் தண்டப்பணத்தைக் கட்டுவதற்கு அவருடைய மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

வெளியே வந்து, "அப்பு, இருட்டில் முட்டை இருக்கும் இடம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "தம்பி, தடத்தைப் பார்த்தால் எல்லாம் தெரியும். கால் மாறி மாறி விழுந்திருந்தால் அது சிற்றாமை. இரண்டு பக்கமும் ஒருமிக்க விழுந்திருந்தால் அது பேராமை. ஏறின தடம் எது, இறங்கின தடம் எது என்று பார்த்தால் குழி எங்கே என்று மணலே சொல்லும்" என்றார். பின்னர் நான் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, ஆராய்ச்சியாளர் தடத்தைக் கொண்டு இனத்தைப் பிரிப்பதும் அவ்வாறே எனக் கண்டேன். எழுத்தறியாத அந்தக் கிழவர் அறிஞர் கற்றதைக் காலால் நடந்தே கற்றிருந்தார்.

அன்று நான் அவருக்காகக் கேட்டது இரக்கம். கேட்டிருக்க வேண்டியதோ வேலை! அந்த அறிவு உடையவனைக் காவற்காரனாக்காமல் குற்றவாளியாக்கி அனுப்பிய வழக்கை நான் வென்றேனா, தோற்றேனா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இறைகாவ தரும் எடுத்துக்காட்டு

எனக்கு விளங்காததைத் தென்மாகாணத்தில் ஒரு சிற்றூர் விளங்கிக்கொண்டது. தங்காலைக்கு அண்மையிலுள்ள இறைகாவ என்ற அந்த ஊருக்குத்தான் நீங்கள் செல்கிறீர்கள். 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆமைப் பாதுகாப்புத் திட்டம் என்ற அமைப்பு, 1996ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு புதுமையைச் செய்தது. முட்டை தோண்டி விற்று வயிறு வளர்த்தவர்களையே அழைத்து, கூலி கொடுத்து, கூட்டுக் காவலராக்கியது. முட்டையை எடுத்துச் செல்லாமல், ஆமை இட்ட இடத்திலேயே இருக்கவிட்டு இரவெல்லாம் காத்தனர். 2006ஆம் ஆண்டு அக்கரை சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கள்வனைப் பிடிக்கக் கள்வனை ஏவினார்கள் என்று சிரிப்பார் சிரிக்கட்டும். பசியைக் குற்றமாகக் காணாமல் பசியாகவே கண்டார்கள் என்று நான் சொல்வேன்.

கடலுக்கு அப்பாலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னைக் கரையில் 1970களின் தொடக்கத்திலேயே சிலர் ஆமைக்காக இரவு நடை நடந்தனர். 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் மணலைச் சனவரி தொடங்கிப் பருவமெல்லாம் கால்நடையாக அளக்கின்றனர். அவர்கள் முட்டையை எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைக்கிறார்கள். ஏன்? அது மாநகரக் கரை. நாய்க்கும் விளக்கொளிக்கும் சனநெருக்கத்துக்கும் தப்பி ஒரு கூடு பிழைப்பது அங்கே அரிது. அஃதாவது, முட்டையை இடம் மாற்றுவது வேறு வழியற்ற இடத்து மருந்து. எல்லா இடத்துக்குமான உணவு அன்று.

தொட்டி வேண்டாம், தம்பிமாரே!

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. திரும்பி வந்ததும் நம் கரையிலும் ஒரு குஞ்சுபொரிப்பு நிலையம் அமைத்து, தொட்டியிலே குஞ்சுகளை நீந்தவிட்டு, உல்லாசப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் பெறலாம் என்ற யோசனை உங்களிடையே உலவுவதாக அறிகிறேன். நல்ல நோக்கத்தோடுதான் எண்ணியிருப்பீர்கள். ஆனால் உயிரின் வேலைமுறையைக் கேளுங்கள்.

தாய் ஆமை ஒருமுறை நூறளவில் முட்டையிட்டு மணலால் மூடிச் சென்றுவிடுகிறது. சில மணி நேரத்துக்குள் கரு முட்டையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளுகிறது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடலாம். நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் வரை மணற் சூட்டிலே அடைகிடக்கிறது. அந்தச் சூடே ஆணோ பெண்ணோ என்பதைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலேறினால் பெண், கீழிறங்கினால் ஆண். அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளப்பாறையின் வடபகுதியில் இளம் பேராமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை பெண்களே என 2018ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். உலகம் சூடேறுவதன் கணக்கு அது. நிழலறியாமல் ஓர் இடத்தில் முட்டைகளைக் குவித்துப் புதைப்போமானால், காப்பாற்றுகிறோம் என்று எண்ணிக்கொண்டு நாமே அந்தக் கணக்கைக் கெடுத்தவராவோம்.

பொரித்த குஞ்சு வயிற்றிலே மஞ்சட்கருவின் மிச்சத்தைக் கட்டுச்சோறாகக் கொண்டு வருகிறது. அந்தக் கட்டுச்சோறு, மீனும் பறவையும் நிறைந்த கரையோர நீரை ஒரே மூச்சில் கடந்து ஆழ்கடல் சேர்வதற்கானது. குஞ்சைத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்தால், பயணம் தொடங்குமுன்பே அந்தச் சோறு தீர்ந்துபோகும். பின்னர் பகல் வெளிச்சத்தில் படம் பிடிப்பதற்காகக் கடலில் விட்டால் அது மீனுக்கு இட்ட இரையேயாகும். ஆயிரம் குஞ்சில் ஒன்றே வளர்ந்து தாயாகும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஒன்றை நம் கண்காட்சிக்காக இழக்கலாமா?

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி முட்டையைத் தொடுவது, என் கிழவர் செய்த அதே குற்றம் என்பதையும் சட்டத்தரணி என்ற முறையில் எச்சரிக்கிறேன். பசிக்காகத் தொட்டவனுக்குத் தண்டம், பெருமைக்காகத் தொட்டவனுக்குப் பாராட்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

பெரிய குற்றவாளிகள்

சிறியவன் பிடிபடுகிறான், பெரியவன் தப்புகிறான் என்பது நீதிமன்ற வாசலில் நாள்தோறும் கேட்கும் முறைப்பாடு. ஆமை விடயத்திலும் அது பொய்யன்று. இழுவைமடியில் சிக்கிய ஆமை மூச்செடுக்க மேலே வரமுடியாமல் மூழ்கி இறக்கிறது. 2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் செத்து ஒதுங்கியதைப் பத்திரிகைகளிற் படித்தீர்கள்.

நம் நாட்டிலோ, 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. கடற்றொழிலாளரும் சுற்றாடல் நீதி நிலையமும் கர்தினால் மல்கம் றஞ்சித் ஆண்டகையும் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2025ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் அந்நீதிமன்றம், நூறு கோடி அமெரிக்க டொலரை இழப்பீடாகச் செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்குக் கட்டளையிட்டது. இறந்த 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் அத்தீர்ப்பின் கணக்கிலே இடம்பெற்றன. வாயில்லாத ஆமை நம் நாட்டின் உச்ச நீதிபீடத்திலே சாட்சி சொல்லிற்று, ஐயா! எண்ணி வைத்தவர்கள் இருந்தபடியாலல்லவா அது சாட்சியாயிற்று? எண்ணி வைப்பதும் அரசியல் வேலையே.

படுவான்கரையின் பங்கு

"இது கரையாருடைய காரியம், வயற்காரனுக்கு என்ன?" என்று வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலையிலும் இருந்து வந்தோர் எண்ணவேண்டாம். மாரி வெள்ளம் வயலை மூடும்போது முகத்துவாரத்தை வெட்டு என்று கேட்பவர்கள் நீங்கள். வெட்டியதும் வாய்க்காலும் வாவியும் கடலும் ஒரே நீராகின்றன. வரம்பிலே வீசிய கிருமிநாசினிப் போத்தலும் உரப்பையும் அந்த நீரோடு போய் அலைவாயில் ஒதுங்குகின்றன. ஏழுவரியாமை சொறிமுட்டையைத் தின்று வாழ்வது. மிதக்கும் பொலித்தீனைச் சொறிமுட்டை என விழுங்கிச் சாகிறது. ஆகவே, கடலைக் காணாத வயலிலும் ஆமைக்குக் காவல் இருக்கலாம்.

காவல் உங்களுக்குப் புதிதும் அன்று. யானைக்கு அஞ்சிப் பரணிலே முறைவைத்து விழித்திருக்கும் முல்லைக்காரனைவிட இரவுக்காவல் அறிந்தவன் யார்? அந்த முறையைக் கரைக்குக் கொண்டுவரவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

செய்யவேண்டியவை

இறைகாவக் கரையிலே நீங்கள் கற்றுவருபவை நான்காக இருக்கட்டும். முதலாவது, இருட்டில் நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நாடியே கடலைக் காண்கிறது. உங்கள் கைத்தொலைபேசி விளக்கு அதனை வழிமாற்றும் பொய்க்கடல். இரண்டாவது, முட்டையிட வரும் தாயின் முன் நில்லாதீர்கள்; தூரத்தில், பின்புறமாக, பேசாமல் இருங்கள். மூன்றாவது, குஞ்சை நீரில் தூக்கி எறியாதீர்கள்; மணலில் அது தானே நடக்கட்டும்; நாயையும் நண்டையும் விலக்குவதோடு உங்கள் வேலை முடிந்தது. நான்காவது, அங்குள்ள காவலரிடம் அவர்களுடைய பழைய தொழிலைப் பற்றி மரியாதையோடு கேளுங்கள். சிங்களம் தெரிந்தவர் தெரியாதவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின் நம் கரையிலே வேலை தொடங்கும். தென்கரையளவுக்கு நம் கரையில் ஆமைகள் வருவதில்லை. வருகின்ற சிலவற்றுக்கே காவல் அதிகம் தேவை. எந்த இடத்தில் தடம் கண்டோம், எத்தனை கூடு, எத்தனை செத்த ஆமை என்று ஒரு கொப்பியில் நாள் குறித்து எழுதுவோம். கரையோரத்து மின்விளக்குகளைக் கடல் பக்கம் மறைக்கும்படி பிரதேச சபைகளைக் கேட்போம். சபையிலே நம் உறுப்பினர் இருந்தால் அவரிடமே முதலிற் கேட்போம். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயம். அங்கே அனுமதியின்றிக் கட்டிடம் எழுந்தால் எழுத்திலே கேள்வி கேட்போம். மரம் நடுவோர் அலைவாய்வரை சவுக்கை நட்டு ஆமைக்கு மணலை இல்லாமற் செய்யாதிருக்கப் பார்ப்போம். இவற்றுக்கெல்லாம் முன், தடம் அறிந்த முதியவர்களைத் தேடிச் சென்று, அவர்களுக்குக் கூலி கொடுக்க ஒரு நிதி திரட்டுவோம்.

இப்பொழுது அந்த முதற் கேள்விக்கு மறுமொழி. மண் நமது, கரை நமது, அதை ஆளும் உரிமை நமக்கு வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கவேண்டியதே. ஆனால் உரிமை கேட்பவனை நீதிமன்றம் கேட்கும் முதற் கேள்வி, "நீ அதைப் பராமரித்தாயா?" என்பதுதான். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017ஆம் ஆண்டு முடிந்தபின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. சபை இல்லாத காலத்திலும் கரை இருந்தது; ஆமை வந்தது. நம்மைக் காவலிருக்க வேண்டாம் என்று எவரும் தடுக்கவில்லை. காக்கத் தெரிந்த மக்கள் என்பதைக் காட்டுவது, ஆளத் தெரிந்த மக்கள் என்பதைக் காட்டுவதன் பாதியாகும்.

இறுதியாக ஒன்று. கோழி ஒரு முட்டை இட்டு ஊரைக் கூட்டும். ஆமை ஆயிரம் இட்டும் அரவமின்றிப் போகும் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. தொண்டர்களே, கோழியைப் போலச் செல்லாதீர்கள். ஆமையைப் போலச் சென்று வாருங்கள். நீங்கள் காக்கும் குஞ்சு தாயாகித் திரும்பப் பத்தாண்டும் ஆகலாம், முப்பதாண்டும் ஆகலாம். அன்றைக்கு நம்மிற் பலர் இருக்கமாட்டோம். கரை இருக்கவேண்டும். அது இருட்டாகவும் துப்புரவாகவும் நம்முடையதாகவும் இருக்கவேண்டும்.

சென்று வாருங்கள்.